சிங்கப்பூரில் சிறுவியாபாரம்: முதல் வரிக் கணக்கைத் தயார் செய்வது எப்படி

சிங்கப்பூரில் சின்னதாக ஒரு வியாபாரம் தொடங்கியவர்களுக்கு வரி என்றாலே வயிற்றைக் கலக்கும். ஆனால் தேக்கா மாடியில் ரவிக்கை தைக்கும் கடை, ஈசூன் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டிலிருந்து சாப்பாடு செய்து கொடுக்கும் குடும்பம், உட்லண்ட்சில் தமிழ் டியூஷன் எடுக்கும் ஆசிரியை போன்றவர்களுக்கு வருமான வரி பெரும்பாலும் சில நூறு வெள்ளியோடு முடிந்துவிடும். பாடு படுத்துவது கணக்குதான். ஏப்ரல் மாதம் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு, எது கடை ரசீது, எது வீட்டு ரசீது என்று பிரித்துக்கொண்டிருப்பவர்களை வருடா வருடம் பார்க்கிறேன். சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. முதல் முறை படிவம் நிரப்பப் போகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் பாஸ்

வரிக்கு முன்னால் இதைச் சொல்லியாக வேண்டும். வேலை அனுமதிச் சீட்டிலோ எஸ் பாசிலோ எம்ப்ளாய்மென்ட் பாசிலோ இருப்பவர்கள், அந்தப் பாஸில் பெயர் உள்ள முதலாளியிடம் மட்டும்தான் வேலை செய்யலாம். வார இறுதியில் பிரியாணி செய்து விற்பதும், ஊரிலிருந்து சேலை கொண்டுவந்து கொடுப்பதும் ‘சும்மா சைடு பிசினஸ்’ என்று நினைத்துச் செய்தால் பாஸ் போய்விடும். குடும்பத்தோடு சேர்ந்து இருப்பதற்கான பாஸில் வந்தவர்களுக்கும் மனிதவள அமைச்சின் அனுமதி வேண்டும். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இந்தத் தடை இல்லை. மற்றவர்கள் அமைச்சிடம் கேட்டுத் தெளிவு பெற்ற பிறகு மேற்கொண்டு படியுங்கள்.

நீங்கள் எந்த வகை?

சிறுவியாபாரிகளில் பெரும்பாலோர் தனிநபர் வணிகம், அதாவது சோல் ப்ரொப்ரைட்டர். வணிகப் பதிவு ஆணையமான அக்ராவில் ஓராண்டுக்குப் பதிய 115 வெள்ளி. உங்கள் முழுப் பெயரிலேயே தொழில் செய்தால் பதிவுகூடத் தேவையில்லை. ‘பதியவில்லை, அதனால் வரியும் இல்லை’ என்று அதை நீட்டிக்கொள்ளாதீர்கள். பதிந்தாலும் பதியாவிட்டாலும் வருமானம் வருமானம்தான்.

தனிநபர் வணிகத்தில் கடையும் நீங்களும் வரித்துறைக்கு ஒரே ஆள். கடை லாபத்தை உங்கள் சொந்த வருமானமாகப் பார்த்து, தனிநபர் விகிதத்தில் வரி போடுவார்கள். நிரப்ப வேண்டியது படிவம் பி (Form B). கூட்டு வணிகமாக இருந்தால் கூட்டுக்காகப் படிவம் பி-க்கு முன்னால் படிவம் பார்ட்னர்ஷிப் (Form P) ஒன்றும் போகும். வரி கட்டுவது என்னவோ அவரவர் பங்குக்கு அவரவர்தான். பிரைவேட் லிமிடெட் என்றால் கதையே வேறு, அதைப் பின்னால் பார்ப்போம்.

நிகர லாபம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால், அல்லது சம்பளம் உட்பட மொத்த வருமானம் 22,000 வெள்ளியைத் தாண்டினால், அல்லது ஐராஸ் என்று எல்லாரும் சொல்லும் உள்நாட்டு வருவாய் ஆணையத்திடமிருந்து அறிவிப்பு வந்தால், படிவம் கட்டாயம்.

தேதிகள்

சனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை சம்பாதித்ததை அடுத்த ஆண்டில் கணக்குக் காட்டுகிறோம். 2025இல் சம்பாதித்தது 2026 வரி மதிப்பீட்டு ஆண்டில் வரும். படிவங்களில் இந்த ஆண்டு எண்ணைப் பார்த்துத்தான் புதியவர்கள் முதலில் குழம்புவார்கள். எந்தப் படிவத்தைப் பார்த்தாலும் ஒரு வருடம் பின்னால் போய்ப் பணத்தைத் தேடுங்கள், சரியாக இருக்கும்.

மார்ச் 1 அன்று இணையத்தில் படிவம் திறக்கும். ஏப்ரல் 18 கடைசி நாள். காகிதத்தில் அனுப்புகிறவர்களுக்கு ஏப்ரல் 15. ஆள் வைத்திருந்தால் இன்னொரு தேதி: ஊழியர்களின் சம்பள விவரத்தை மார்ச் 1க்குள் கொடுத்துவிட வேண்டும். ஐந்து ஊழியர்களோ அதற்கு மேலோ இருந்தால் அந்த விவரத்தை நேரடியாக ஐராசுக்கு மின்வழி அனுப்புவது கட்டாயம்.

கணக்கு: இங்கேதான் வேலை இருக்கிறது

முதல் காரியமாகத் தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். தனிநபர் வணிகத்துக்கு இது சட்டப்படி கட்டாயம் இல்லை, ஆனால் இதைச் செய்தவர்களுக்கு ஏப்ரலில் பாதி வேலை குறைந்துவிடும். கடையின் பேநவ் (கைப்பேசிப் பணப் பரிமாற்றம்) குறியீட்டை அந்தக் கணக்கோடு இணைத்துவிடுங்கள். வாடிக்கையாளர் அனுப்பும் 35 வெள்ளி ரவிக்கைக் கூலியும், அக்கா மகள் அனுப்பிய பிறந்தநாள் பணமும் ஒரே பட்டியலில் வந்து விழுந்தால், பத்து மாதம் கழித்து எது எது என்று யாருக்கு நினைவிருக்கும்?

அப்புறம் ஒரு நோட்டு. கணினியில் எக்செல் தாளாகவும் இருக்கலாம், பஃப்ளோ சாலையில் வாங்கிய இரண்டு வெள்ளி நோட்டாகவும் இருக்கலாம். கடையடைக்கும்போது அன்றைய தேதிக்கு எதிரே ரொக்கம் எவ்வளவு, பேநவ் எவ்வளவு, நெட்ஸ் (வங்கி அட்டை) எவ்வளவு என்று மூன்று எண்களை எழுதுங்கள். எதிர்ப் பக்கத்தில் அன்றைய செலவையும் ரசீது எண்ணையும் குறியுங்கள். கல்லாவிலிருந்து வீட்டுக்கு எடுத்த பணத்தை ‘சொந்த எடுப்பு’ என்று தனியாக எழுதுங்கள். அதைச் செலவில் சேர்க்கக் கூடாது, வருமானத்திலும் கழிக்கக் கூடாது.

ரசீதுகள் பெரும்பாலும் சூட்டில் அச்சாகும் மெல்லிய தாள். ஆறு மாதத்தில் வெறும் வெள்ளைத்தாள் ஆகிவிடும். வாங்கிய அன்றே கைப்பேசியில் படம் எடுத்து, மாத வாரியாக ஒரு உறையில் போட்டுவிடுங்கள். படமாக வைத்திருந்தாலும் ஐராஸ் ஏற்றுக்கொள்ளும். ஐந்தாண்டுகள் வைத்திருக்க வேண்டும், அதுதான் விதி.

தேக்கா ஈரச்சந்தையில் கறிவேப்பிலையும் சின்ன வெங்காயமும் வாங்கினால் யார் ரசீது தருகிறார்கள் என்று சாப்பாட்டு வியாபாரம் செய்பவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அப்படிப்பட்ட செலவுக்கு நீங்களே ஒரு கைச்சீட்டு எழுதுங்கள்: தேதி, வாங்கிய பொருள், தொகை, கடை எண், உங்கள் கையெழுத்து. தொகை உங்கள் விற்பனைக்குப் பொருந்துகிறதா என்பதுதான் முக்கியம். மாதம் 3,000 வெள்ளிக்குச் சாப்பாடு விற்றவர் ரசீதில்லாத காய்கறிக்கு 2,500 என்று எழுதினால், படிக்கிறவருக்குச் சிரிப்புத்தான் வரும்.

இன்னொன்று, தீபாவளி நேரத்தில் நிறையப் பேர் செய்வது. சென்னைக்குப் போய் தி.நகரில் சேலையும் சுடிதாரும் வாங்கி, பெட்டியில் அடைத்துக்கொண்டு சாங்கியில் இறங்குகிறார்கள். பயணிகளுக்கு இருக்கும் பொருள் சேவை வரி (ஜிஎஸ்டி) சலுகை, சொந்தத்துக்கும் பரிசுக்கும் கொண்டுவருவதற்கு மட்டும். விற்பதற்குக் கொண்டுவரும் சரக்குக்கு அது கிடையாது. சுங்கத்தில் அறிவித்து 9 விழுக்காடு கட்ட வேண்டும். கட்டிய சீட்டைப் பத்திரமாக வையுங்கள். ஊர்க் கடை பில்லும் அந்தச் சீட்டும் இருந்தால்தான் சரக்கின் விலையைச் செலவாகக் காட்ட வலு இருக்கும்.

எது செலவு, எது இல்லை

வருமானம் ஈட்டுவதற்காகவே செய்த செலவு கழியும். கடை வாடகை, மின்சாரம், சரக்கு, ஆள் சம்பளம், அவர்களுக்கு முதலாளி பங்காகக் கட்டிய மத்திய சேமநிதி, விளம்பரம், கணக்கர் கூலி எல்லாம் இதில் வரும். வீட்டிலிருந்து தொழில் செய்பவர்கள் மின்கட்டணத்திலும் தொலைபேசியிலும் தொழிலுக்கான பங்கை மட்டும் எடுக்கலாம். எப்படிப் பிரித்தீர்கள் என்று ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கார் விஷயத்தில்தான் எல்லாரும் மாட்டுகிறார்கள். சொந்தக் காரில் சரக்கு ஏற்றினாலும், அந்தக் கார் வியாபாரத்துக்கே ஓடினாலும், பெட்ரோலும் நிறுத்தக் கட்டணமும் பழுதுபார்ப்பும் கழியாது. வேனும் லாரியும் கழியும். போக்குவரத்து அபராதம் எந்த வண்டிக்கும் கழியாது. சாமான் எடுக்கப் போனபோது சிராங்கூன் சாலையில் நிறுத்தி வாங்கிய சம்மனைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

முதலாளி தனக்குத்தானே கொடுத்துக்கொள்ளும் சம்பளம் கழியாது. மனைவிக்கோ மகனுக்கோ சம்பளம் கொடுத்தால், அவர்கள் உண்மையிலேயே கடையில் வேலை செய்திருக்க வேண்டும், தொகை அந்த வேலைக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும், வங்கி வழியாகப் போயிருக்க வேண்டும், சேமநிதியும் கட்டியிருக்க வேண்டும். கடைச் சரக்கை வீட்டுச் சமையலுக்கு எடுத்தால் அதையும் கணக்கில் காட்டியாக வேண்டும். கோயிலுக்குக் கொடுத்த நன்கொடை வியாபாரச் செலவு ஆகாது. அங்கீகாரம் பெற்ற பொதுநல அமைப்புகளுக்குக் கொடுத்த நன்கொடைக்கு 250 விழுக்காடு கழிவு உண்டு, ஆனால் அதை அந்த அமைப்பே உங்கள் அடையாள எண்ணோடு ஐராசுக்கு அனுப்பிவிடும். நீங்கள் ஒன்றும் எழுத வேண்டியதில்லை.

தையல் இயந்திரம், குளிர்பதனப் பெட்டி, மாவரைக்கும் இயந்திரம் போன்றவை அந்த ஆண்டின் செலவாகப் போகாது. அவற்றுக்கு மூலதனக் கழிவு என்று தனிப் பகுதி உண்டு. ஒவ்வொன்றும் 5,000 வெள்ளிக்கு மேல் போகாமல், எல்லாம் சேர்த்து 30,000 வெள்ளிக்குள் இருந்தால், ஒரே ஆண்டில் முழுத்தொகையையும் கழித்துவிடலாம். கடையைப் புதுப்பித்த செலவுக்கு மூன்றாண்டுக்கு 300,000 வெள்ளி வரை இடமிருக்கிறது. முன்பு வடிவமைப்பாளர் கட்டணம் அதில் சேராது. 2025 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து சேரும்.

கடை திறப்பதற்கு முன்னால் ஆன செலவு வீண் என்று விட்டுவிடாதீர்கள். முதல் வெள்ளி கல்லாவுக்கு வந்த கணக்காண்டின் தொடக்க நாளிலிருந்து பின்னோக்கி ஓராண்டு வரை ஆன வாடகை, விளம்பரம் போன்ற செலவுகளைக் கழிக்க வழி இருக்கிறது.

ஒரு கடையின் கணக்கு

தேக்காவில் ரவிக்கைக் கடை ஒன்று என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் குடிமகள், நாற்பது வயது. ஆண்டு வருவாய் 96,000 வெள்ளி. லைனிங் துணி, நூல், கொக்கி எல்லாம் 14,000. வாடகை 24,000. பகுதிநேர உதவியாளர் சம்பளமும் சேமநிதியும் 9,600. மின்சாரம், தொலைபேசி, சில்லறை 2,400. செலவு மொத்தம் 50,000, லாபம் 46,000.

ஆண்டு வருவாய் 200,000 வெள்ளிக்குக் கீழே இருந்தால் படிவத்தில் இரண்டே எண்தான்: வருவாய் 96,000, சரிக்கட்டிய லாபம் (கழியும் செலவெல்லாம் போன பிறகு மிஞ்சுவது) 46,000. வருடம் முழுக்கக் குனிந்து தைத்ததெல்லாம் இரண்டு எண்ணாகிவிடும்! 200,000க்கு மேல் என்றால் நான்கு எண்: வருவாய், மொத்த லாபம், செலவுகள், சரிக்கட்டிய லாபம். 500,000 அல்லது அதற்கு மேல் போனால் லாப நட்டக் கணக்கையும் ஐந்தொகையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இரண்டு எண்தானே என்று நோட்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம், கேட்டால் காட்டத் தயாராக இருக்க வேண்டும்.

இப்போது வரி. உழைப்பு வருமானக் கழிவு 1,000, முந்தைய ஆண்டுக்காகக் கட்டிய மெடிசேவ் (கட்டாய மருத்துவச் சேமிப்பு, அடுத்துப் பார்ப்போம்) சுமார் 4,000. மீதி 41,000. முதல் 20,000க்கு வரி இல்லை. அடுத்த 10,000க்கு 2 விழுக்காடு, அதற்கடுத்த 10,000க்கு 3.5, அதற்கு மேல் 80,000 வரை 7. கூட்டினால் 200, 350, 70. மொத்தம் 620 வெள்ளி. ஒரு மாத வாடகைகூட இல்லை.

வரியைவிடப் பெரிய பில்: மெடிசேவ்

இதைப் புதியவர்களிடம் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சுயதொழில் செய்யும் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் நிகர வியாபார வருமானம் 6,000 வெள்ளிக்கு மேல் இருந்தால் மெடிசேவ் கட்டியாக வேண்டும். வருமானம் 18,000க்கு மேல் போய்விட்டால் முழு விகிதம்: 35 வயதுக்குக் கீழே 8 விழுக்காடு, 35 முதல் 45க்குள் 9, 45 முதல் 50க்குள் 10, 50ம் அதற்கு மேலும் 10.5. நம் ரவிக்கைக் கடைக்காரருக்கு 46,000இல் 9 விழுக்காடு, 4,140 வெள்ளி. வரியோ 620!

இது வரியல்ல, உங்கள் சொந்த மருத்துவச் சேமிப்பு, கட்டினால் அடுத்த ஆண்டு வரிக் கழிவும் கிடைக்கும் என்பதெல்லாம் சரி. ஆனால் பணமாகக் கட்டும்போது 4,140 வெள்ளி 4,140 வெள்ளிதான். அதனால் மாதந்தோறும் லாபத்தில் பத்தில் ஒரு பங்கைத் தனியே ஒதுக்கச் சொல்வேன். மாதா மாதம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் ஜைரோவில் கட்டவும் ஏற்பாடு உண்டு. மெடிசேவ் பாக்கி இருந்தால் வணிகப் பதிவைப் புதுப்பிக்க முடியாது. உணவங்காடிக் கடை, டாக்சி உரிமங்களும் தொங்கிவிடும்.

வாடகைக் கார் ஓட்டுகிறவர்களுக்கும் உணவு கொண்டுசேர்ப்பவர்களுக்கும் இதில் ஒரு மாற்றம். இணையத்தள ஊழியர் சட்டம் 2025 சனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. 1995 சனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு சேமநிதி கட்டாயம், அவர்களுக்கு வேலை தரும் இணையத்தள நிறுவனமே சம்பாத்தியத்தில் பிடித்துக் கட்டிவிடும். அதற்கு முன் பிறந்தவர்கள் விரும்பினால் சேரலாம். தனியார் வாடகைக் கார், டாக்சி ஓட்டுநர்கள் ரசீதைக் கட்டி அழ வேண்டாம் என்றால், மொத்தச் சம்பாத்தியத்தில் 60 விழுக்காட்டைச் செலவாக எடுத்துக்கொள்ளலாம். உண்மைச் செலவு அதைவிட அதிகம் என்றால் ரசீதோடு அதையே காட்டலாம்.

படிவம் நிரப்பும் நாள்

அரசாங்க மின்னடையாளமான சிங்பாசில் நுழைந்து ஐராசின் மைடாக்ஸ் தளத்தில் தனிநபர் வருமான வரிப் பகுதிக்குப் போங்கள். நீங்கள் இன்னொரு இடத்தில் சம்பள வேலையும் செய்தால், அந்தச் சம்பளம் ஏற்கெனவே நிரம்பியிருக்கலாம். அதற்காகப் படிவம் முடிந்துவிட்டது என்று அனுப்பிவிடாதீர்கள். வியாபார வருமானத்தை நீங்கள்தான் தட்டச்சு செய்ய வேண்டும். வணிகத்தின் பெயர், பதிவு எண், கணக்காண்டின் தொடக்கமும் முடிவும், மேலே சொன்ன இரண்டு எண்ணோ நான்கு எண்ணோ, மூலதனக் கழிவு இருந்தால் அது. அந்த ஆண்டு நட்டம் என்றால் நட்டத்தையே எழுதுங்கள்; தனிநபர் வணிகத்தின் நட்டத்தைச் சம்பளம் போன்ற மற்ற வருமானத்தோடு கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் அடுத்த ஆண்டுக்கும் கொண்டுபோகலாம்.

பெற்றோர், பிள்ளை கழிவுகளைச் சரிபார்த்துவிட்டு அனுப்புங்கள். ஒப்புகைப் பக்கத்தைச் சேமித்து வையுங்கள். பிறகு வரி மதிப்பீட்டு அறிவிப்பு வரும். அதைத் திறந்து எண்களை உங்கள் நோட்டோடு ஒப்பிடுங்கள். தவறு இருந்தால் 30 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். வரியை ஒரு மாதத்துக்குள் கட்ட வேண்டும், தவறினால் 5 விழுக்காடு அபராதம். ஜைரோவில் சேர்ந்தால் வட்டியில்லாமல் 12 மாதத் தவணை கிடைக்கும். கடன் என்றால் வெட்கப்படும் நம்மாட்கள் சிலர் மொத்தமாகக் கட்டுவதையே கௌரவம் என்று நினைக்கிறார்கள். வட்டியில்லாத தவணையை விட்டுக்கொடுக்க எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

பொருள் சேவை வரி எப்போது வரும்?

2023 சனவரியில் 7 விழுக்காட்டிலிருந்து 8 ஆனது, 2024 சனவரி 1 முதல் 9. ஆனால் எல்லாக் கடையும் இதை வசூலிப்பதில்லை. வரிக்கு உட்பட்ட விற்பனை ஆண்டுக்கு 10 லட்சம் வெள்ளியைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். இங்கே பார்ப்பது லாபத்தை அல்ல, விற்பனையை. நாளொன்றுக்கு ஏறக்குறைய 2,740 வெள்ளி விற்றால் ஆண்டுக்கு 10 லட்சம் ஆகிவிடும். நல்ல இடத்தில் இருக்கும் மளிகைக் கடைக்கு அது பெரிய காரியம் இல்லை, லாபம் கொஞ்சமாக இருந்தாலும்.

சனவரி முதல் டிசம்பர் வரை கூட்டிப் பார்த்துத் தாண்டியிருந்தால், சனவரி 30க்குள் விண்ணப்பித்து மார்ச் 1 முதல் வசூலிக்க வேண்டும். பெரிய ஒப்பந்தம் கையெழுத்தாகி அடுத்த 12 மாதத்தில் தாண்டும் என்று தெரிந்தாலும் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இப்படி முன்கணிப்பில் பதிகிறவர்களுக்கு முன்பு மூச்சுவிட நேரமில்லை. 2025 சூலை 1 முதல் இரண்டு மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள்.

ஒரே ஆள் இரண்டு மூன்று தனிநபர் வணிகம் வைத்திருந்தால் எல்லாக் கடை விற்பனையையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். கடையை இரண்டாகப் பிரித்துப் பெயர் மாற்றினால் தப்பிக்கலாம் என்று காப்பிக்கடையில் சொல்லும் யோசனை செல்லாது. தாமதமாகப் பதிந்தால், பதிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து வரியை உங்கள் கையிலிருந்து கட்ட நேரிடும். வாடிக்கையாளரிடம் திரும்பப் போய்க் கேட்க முடியுமா? பதியாதவர்கள் ரசீதில் இந்த வரி என்று ஒரு காசு போட்டாலும் அது குற்றம். பதிந்தவர்கள் கடையில் வைக்கும் விலை, வரியையும் சேர்த்த விலையாக இருக்க வேண்டும்.

10 லட்சத்துக்குக் கீழே இருப்பவர்கள் தாமாகவும் பதியலாம். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் நிறுவனங்களாக இருந்தால் யோசிக்கலாம்; பொதுமக்களுக்குச் சில்லறை விற்பவர்களுக்கு நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பதிந்தால் குறைந்தது இரண்டாண்டு இருக்க வேண்டும், காலாண்டு முடிந்து ஒரு மாதத்துக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும், தவறினால் உடனே 200 வெள்ளி, பிறகு மாதம் 200. இப்போது மின் விலைப்பட்டியல் முறையான இன்வாய்ஸ்நவ்வும் சேர்ந்திருக்கிறது. தாமாகப் பதியும் புது நிறுவனங்களுக்கு 2025 நவம்பர் 1 முதலும், தாமாகப் பதியும் எல்லாருக்கும் 2026 ஏப்ரல் 1 முதலும், விலைப்பட்டியல் தரவு அந்த வலையமைப்பு வழியாக ஐராசுக்குப் போக வேண்டும். நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் அதற்கேற்ற மென்பொருளுக்கு மாறியாக வேண்டும்.

செய்தியில் வந்த மற்ற மாற்றங்கள்

‘வரி ஏற்றிவிட்டார்கள்’ என்று தலைப்பைப் பார்த்துப் பதறுகிறவர்களுக்கு: 2024 மதிப்பீட்டு ஆண்டில் தனிநபர் உச்ச விகிதம் 24 விழுக்காடு ஆனது உண்மை, அது 10 லட்சம் வெள்ளிக்கு மேற்பட்ட வருமானத்துக்கு. 2025இல் வந்த 15 விழுக்காட்டு உலகக் குறைந்தபட்ச வரி பன்னாட்டுப் பெருநிறுவனங்களுக்கு. இரண்டையும் மறந்துவிடலாம்.

ஆள் வைத்திருப்பவர்கள் மறக்கக் கூடாதது சேமநிதியின் மாதச் சம்பள உச்சவரம்பு. 2025 சனவரியில் 7,400 வெள்ளி, 2026 சனவரியிலிருந்து 8,000. அப்புறம், வெளிநாட்டு ஊழியர் வேலையை விட்டுப் போகும்போது குறைந்தது ஒரு மாதம் முன்பே ஐஆர்21 என்ற வரித் தீர்வுப் படிவம் அனுப்பி, அவருக்குத் தர வேண்டிய பணத்தை ஐராஸ் சொல்லும்வரை நிறுத்தி வைக்க வேண்டும். சமையல்காரர் ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் கையில் காசைக் கொடுத்து அனுப்பிவிட்டால், அவருடைய வரி பாக்கி உங்கள் தலையில் விழும்.

கம்பெனியாக மாற்றலாமா?

கடை கொஞ்சம் ஓடத் தொடங்கியதும் யாராவது ஒருவர் ‘பிரைவேட் லிமிடெட் போடு, வரியே வராது’ என்பார். எண்ணைப் போட்டுப் பாருங்கள். லாபம் 100,000 வெள்ளி. தனிநபர் வணிகத்தில், கழிவுகளுக்கு முன், வரி 5,650. நிறுவன வரி 17 விழுக்காடு. புது நிறுவனத்துக்கு முதல் மூன்று மதிப்பீட்டு ஆண்டுகளில் முதல் 100,000இல் 75 விழுக்காடு விலக்கு என்பதால் 4,250. மிச்சம் 1,400. நிறுவனச் செயலாளர், கணக்குத் தயாரிப்பு, அக்ராவின் ஆண்டறிக்கை என்று செலவு போட்டால் அந்த மிச்சம் எங்கே நிற்கும்? நான்காம் ஆண்டில் விலக்கு குறைந்து அதே லாபத்துக்கு 8,075 வந்து நிற்கும். இயக்குநர் சம்பளம் எடுத்து லாபத்தைக் குறைக்கலாம்தான், ஆனால் அந்தச் சம்பளத்துக்குத் தனிநபர் வரியும் சேமநிதியும் உண்டு.

நிறுவனத்துக்கு வேறு நன்மைகள் இருக்கின்றன. கடன் உங்கள் சொந்த வீட்டு வாசலுக்கு வராது, கூட்டாளி சேர்ப்பது எளிது, பெரிய ஒப்பந்தங்களுக்குக் கேட்கிறார்கள். 2024, 2025 மதிப்பீட்டு ஆண்டுகளில் நிறுவன வரியில் 50 விழுக்காடு தள்ளுபடியும், உள்ளூர் ஊழியர் ஒருவராவது இருந்த நிறுவனங்களுக்குக் குறைந்தது 2,000 வெள்ளி ரொக்கமும் கிடைத்தன. தனிநபர் வணிகங்களுக்கு அது கிடையாது. இந்தக் காரணங்களுக்காக மாறினால் சரி. மாறினால், நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்தில் உத்தேச வருமானம், நவம்பர் 30க்குள் படிவம் சி-எஸ் என்று தேதிகளும் மாறும். வருவாய் 200,000 வெள்ளிக்குள் இருந்தால் சுருக்கப் படிவம் உண்டு.

விட்டுப்போயிருந்தால்

போன ஆண்டுக் கணக்கில் ஏதாவது சேர்க்கத் தவறியிருந்தால், ஐராஸ் கேட்கும் முன் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். தாக்கல் தேதியிலிருந்து ஓராண்டுக்குள் தாமாகச் சொன்னால், வேண்டுமென்றே மறைக்காதபட்சத்தில் பொதுவாக அபராதம் இல்லாமல் வரியோடு முடியும். அதற்குப் பிறகு சொன்னாலும் அபராதம் குறைவு. படிவமே அனுப்பாமல் விட்டால் அவர்களாகவே ஒரு தொகையை மதிப்பிட்டு அறிவிப்பு அனுப்புவார்கள், அது பெரும்பாலும் உங்கள் உண்மைக் கணக்கைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும்.

வரிப்பணம் திரும்ப வருகிறது, இந்த இணைப்பைத் தட்டுங்கள் என்று வரும் குறுஞ்செய்திகளைத் திறக்காதீர்கள். 2024 சூலை முதல் அரசு அமைப்புகளின் குறுஞ்செய்திகள் ஒரே பொதுப் பெயரில்தான் வருகின்றன. சந்தேகம் என்றால் இணைப்பை விட்டுவிட்டு நேரே மைடாக்ஸ் தளத்துக்குள் போய்ப் பாருங்கள். உண்மையான கடிதம் என்றால் அங்கே இருக்கும். நேரில் கேட்க வேண்டும் என்றால் நியூட்டன் சாலையில் உள்ள ஐராஸ் கட்டடத்துக்கு முன்பதிவு செய்துகொண்டு, நோட்டையும் போன ஆண்டு மதிப்பீட்டு அறிவிப்பையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். மார்ச் முதல் வாரத்திலேயே போய்விடுங்கள், ஏப்ரலில் இடம் கிடைப்பது சிரமம்.